7. லாரித் தண்ணீர் இல்லாமல் ஒரு கோடை

வறட்சி ஆண்டில் அடுக்ககச் சங்கக் கூட்டம் கூடினால் முதலில் மாட்டிக்கொள்பவர் மாடித்தோட்டக்காரர்தான். “குளிக்கவே தண்ணி இல்ல, நீங்க ஹோஸ் போட்டு வெண்டைக்காய்க்கு ஊத்துறீங்களே சார்?” என்று யாராவது கேட்டே தீருவார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னை நகரத்தின் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. நாளுக்கு 83 கோடி லிட்டர் விநியோகித்துவந்த குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் அதை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மற்றபடி நகரம் ஓடியது லாரியில்தான்.

அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் நியாயம் இன்னும் கூடும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து வயல் கிணறுகளிலிருந்து வருகிறது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர்ப் பகுதிகளின் நிலத்தடி நீரை நகரம் பல பத்தாண்டுகளாக இறைத்துவருகிறது. அளவுக்கு மீறி இறைத்ததில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே புகுந்தது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் தேவைப்பட்டதற்கு இந்த நிலைமைதான் காரணம். 2004 முதல் சென்னைக்குக் குழாயில் வரும் வீராணம் தண்ணீர், காட்டுமன்னார்கோவில் வட்டார நெல் வயல்கள் நம்பியிருக்கும் ஏரியின் தண்ணீர். மயிலாப்பூர் மாடியில் ஒரு கிலோ தக்காளி காய்ப்பதற்காகத் திருவள்ளூர் விவசாயியின் கிணற்றை இறைப்பது விவசாயம் ஆகாது.

எனவே இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு விதி. வறட்சி மாதங்களில் செடிக்குப் போகும் தண்ணீர், வீட்டில் ஏற்கெனவே ஒரு வேலை செய்து முடித்த தண்ணீராக இருக்க வேண்டும். அது எவ்வளவு கிடைக்கிறதோ, தோட்டமும் அவ்வளவுதான்.

முதலில் அளவு பாருங்கள்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். சென்னையில் மே மாதத்து வெயில், திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உறிஞ்சிவிடும். மண்ணிலிருந்து ஆவியாவது ஒரு பங்கு, இலை வழியே போவது இன்னொரு பங்கு. காய்க்கும் தக்காளிச் செடி உள்ள 12 அங்குலப் பைக்கு மே மாதத்தில் நாளுக்கு 1 முதல் 2 லிட்டர் வேண்டும். அதே பையில் கற்பூரவல்லியோ பிரண்டையோ இருந்தால் இரண்டு நாளைக்கு ஒரு சொம்பு போதும்.

இப்போது உங்கள் வரவைப் பாருங்கள். ஒரு வாரம் சமையலறையில் ஒரு வாளி வையுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் முழுவதும் அதில் விழட்டும். ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாயை ஒரு கேனில் விடுங்கள். ஏ.சி. குழாயின் கீழ் இன்னொரு வாளி. நால்வர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்தால் சாதாரணக் கருவி 20 முதல் 30 லிட்டர் வரை வெளியே தள்ளும். சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடும் ஏ.சி. ஒரு வாளியை நிரப்பிவிடும். இவற்றோடு சமையலறை வாளியும் சேர்ந்தால் 40 லிட்டரைத் தொடும். குளியல் தண்ணீரை இன்னும் எண்ணவே இல்லை.

கிடைத்த எண்ணை ஒன்றரையால் வகுங்கள். 40 லிட்டருக்கு ஏறத்தாழ 27 பைகள். காய்கறிப் பைகள் இதற்கு மேல் இருந்தால், அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று அப்புறம் யோசிக்காமல், எவற்றை விடுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

ஹோஸைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். நல்ல அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும். கையில் சொம்பு இருந்தால் ஊற்றும் அளவு தானாகவே கண்ணில் படும்.

எதை வைப்பது, எதை விடுவது

இந்த முடிவுக்குக் காலம் பிப்ரவரிக் கடைசி. ஏப்ரலில் எடுத்தால் அதற்குள் பாதித் தண்ணீர் போயிருக்கும்.

விட வேண்டியவை: தக்காளி, வெள்ளரி, சுரை, பீர்க்கு, முட்டைக்கோஸ். அகலமான இலையும் நீர் நிறைந்த காயும் உள்ள பயிர்கள் வறட்சி வீட்டுக்கு ஒத்துவராது.

வைக்கலாம்: கொத்தவரை, காராமணி, வெண்டை. மூன்றும் வெயிலைத் தாங்கும். கொத்தவரைக்கு இன்னொரு குணமும் உண்டு. உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும் காய்கறிகளில் அது முன்வரிசை. கீரை தவிர்க்க முடியாத வீடுகளில் முளைக்கீரையை மட்டும் சிறு சிறு பாத்தியாக விதையுங்கள். ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிடுவதால் கணக்கு எளிது. பருப்புக்கீரை இன்னும் சிக்கனம்.

கத்தரியும் மிளகாயும் தனி வகை. ஒரு வயதான செடியைப் பிடுங்கிப் போட மனம் வராது. வளர்த்தால் தண்ணீர் கேட்கும். இவற்றை மார்ச்சில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கவாத்து செய்து, நிழலில் நகர்த்தி, வாடாத அளவுக்கு மட்டும் ஊற்றிவாருங்கள். இலை குறைந்தால் செலவும் குறையும். ஜூன், ஜூலையில் மாலை இடிமழை தொடங்கியதும் புதுக்கிளை விட்டுக் காய்க்கும்.

பிரண்டை, கற்றாழை, தூதுவளை, கற்பூரவல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். நன்கு வேர்விட்ட முருங்கைக்கும் கருணை காட்ட வேண்டியதில்லை.

காலியான பைகளை வெயிலில் காயவிடாதீர்கள். மண்ணை ஒரே இடத்தில் குவித்து, சருகு கலந்து, சாக்கால் மூடி வையுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்க அந்த மண் தயாராக இருக்கும்.

வெயிலையும் காற்றையும் தடுப்பது

மயிலாப்பூர், சாந்தோம், பெசன்ட் நகர் மாடிகளில் பகல் வேளையில் கடற்காற்று எட்டிப் பார்க்கும். அது ஈரக்காற்று, செடிக்கு நண்பன். மே கடைசியிலும் ஜூனிலும் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அன்றைக்குத்தான் செடி பகல் 2 மணிக்கே தொங்கிவிடும். ஆகவே தடுப்பு தேவைப்படுவது மேற்குப் பக்கம். மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பைகளை நகர்த்துங்கள். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டினால் போதும். அதற்கு மேல் அடர்த்தியான வலையில் காய் பிடிக்காது. வலையை மேற்குப் பக்கமும் ஒரு திரையாக இறக்கிவிடுங்கள்.

தளத்தின் சூடு அடுத்த எதிரி. சிமெண்ட் தளத்தில் நேராக உட்கார்ந்த பையின் வேர் வெந்துபோகும். இரண்டிரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல் தரும். ஓரத்தில் நிற்பவைதான் அதிகம் காயும் என்பதால் கற்றாழை, பிரண்டைகளை ஓரத்தில் நிறுத்துங்கள்.

மூன்றாவது, மூடாக்கு. பையில் தெரியும் மண்ணை மூன்று விரல் கனத்துக்கு மூட வேண்டும். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். இளநீர்க் கடையில் குவியும் மட்டைகளைக் கேட்டால் கொடுப்பார்கள். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, நார்ப்பக்கம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். கரும்புச்சாறு வண்டிச் சக்கையைக் காயவைத்துப் பயன்படுத்தலாம். ஈரமாகப் போட்டால் எறும்பு வரும். அடையாறு, காந்தி நகர் தெருக்களில் தூங்குமூஞ்சி மரமும் வேம்பும் உதிர்க்கும் சருகு இலவசம். தண்ணீர் சேமிக்கும் வழிகளில் மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பலன் தருவது இதுதான். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஊற்றும் முறை

காலை 7 மணிக்கு முன் ஊற்றுங்கள். அரை அளவு ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மீதியை ஊற்றுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் பையின் ஓரமாகவே இறங்கி அடித்துளை வழியே போய்விடும். தளத்தில் ஈரம் தெரிந்தால் அவ்வளவும் வீண். நாள் தவறாமல் ஊற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் இன்றைக்கு விடுமுறை.

தென்னை நார்க்கழிவு கலந்த பைகளில் ஒரு சிக்கல் உண்டு. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீரை ஏற்காமல் வழியவிடும். அப்படிப்பட்ட பையை அரை வாளித் தண்ணீர் உள்ள பேசினில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து அடியிலிருந்து ஈரமேற்ற வேண்டும்.

பெரிய தொட்டிகளுக்குப் பானைப் பாசனம் நல்லது. மெருகு பூசாத சின்ன மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, அகல் விளக்கால் மூடிவிடுங்கள். பானைச் சுவர் வழியே கசியும் நீரை வேர் தேடி வந்து எடுத்துக்கொள்ளும். மேல்மண் காய்ந்தே இருப்பதால் ஆவியாவது குறைவு. கொசப்பேட்டையிலோ தெருவோரப் பானைக் கடைகளிலோ கிடைப்பது போதும். பெயிண்ட் அடித்த பானை வேண்டாம், கசியாது. மூடி இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

ஊருக்குப் போகும் வாரத்துக்குத் திரிப்பாசனம். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரியாகத் திரித்து, ஒரு முனையை மூடிய வாளியிலும் மறுமுனையைப் பையின் மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்திலும் வையுங்கள். வாளி பையைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். சொட்டுநீர்க் குழாய் வைத்திருப்பவர்கள், போர் தண்ணீரின் சுண்ணாம்பு சொட்டுவாயை அடைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவையுங்கள்.

வேலை முடித்த தண்ணீர்: எது ஆகும், எது ஆகாது

*கழுநீர்.* அரிசி, காய்கறி கழுவியது அன்றைக்கே செடிக்கு. உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர் வேண்டாம்.

*ஏ.சி. தண்ணீர்.* உப்பே இல்லாதது. கடினத் தண்ணீர் பாய்ந்து மண் மேல் வெள்ளை பூத்திருந்தால், பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஏ.சி. தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். தளத்தில் வழியவிடலாம் என்று சொல்வது இந்த ஒரு சமயத்துக்கு மட்டும்.

*ஆர்.ஓ. கழிவு.* தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் இங்கே அவசியம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன அளவுகோலில் 450க்குக் கீழே என்றால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 450 முதல் 2000 வரை பயிர் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். 2000ஐத் தாண்டினால் ஆகாது. உங்கள் வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர் வந்தால் கழிவும் பெரும்பாலும் தேறும். போர் தண்ணீரே 1200 காட்டினால் கழிவு 2000ஐ நெருங்கும். அதைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவை உப்பைத் தாங்காது. கொத்தவரையும் பீட்ரூட்டும் தாங்கும்.

*சாஃப்ட்னர் தண்ணீர்.* இது பலருக்குத் தெரியாத ஆபத்து. அடுக்ககத்தில் சாஃப்ட்னர் இருந்தால், அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. டி.டி.எஸ். மீட்டரில் வித்தியாசம் தெரியாது; மண் மட்டும் மெல்ல இறுகிவிடும். செடிக்குப் போகப்போகும் கழுநீருக்கு வேண்டியதை சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள்.

*குளியல், துணி துவைத்த தண்ணீர்.* வாளியில் குளிப்பவர்கள் வீட்டில் மடக்கிப் பிடிக்கலாம். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம். கறிவேப்பிலை, முருங்கை, வாழை, பூச்செடிக்கு ஊற்றலாம், இலையில் படாமல் மண்ணில் மட்டும். ஒரு நாளைக்கு மேல் தேக்கினால் நாறும். வாஷிங் மெஷினில் இரண்டாவது, மூன்றாவது அலசல் தண்ணீரை மட்டும் எடுங்கள். பிளீச் போட்ட அன்றைக்கு எதுவும் வேண்டாம்.

தரையில் இடம் உள்ள தனி வீடு என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. வேதியியலாளர் இந்துகாந்த் ரகடே சென்னை வீடுகளில் பரப்பிய முறை அது. குளியலறை நீரைச் சாக்கடையிலிருந்து பிரித்து, கல்வாழை நட்ட பாத்தியில் விடுவது. கல்வாழை வேரும் மண்ணும் சோப்பை வடிகட்ட, தெளிந்த நீர் நிலத்தில் இறங்கி அதே வீட்டுக் கிணற்றுக்கு வந்து சேரும். கழிப்பறைக் குழாய் இதோடு சேரக் கூடாது; பிளம்பரிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

மழை வரும்போது பிடித்து வைப்பது

கோடைக் கஷ்டத்துக்கு மருந்து கோடையில் இல்லை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் 400 மில்லிமீட்டருக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழையாகவே வந்துவிடுகிறது. 1000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழும். முதல் கழுவலையும் சிதறலையும் தள்ளினாலும் 700 லிட்டர் நிற்கும். மேலே போட்ட கணக்குப்படி அது 27 பைகளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வரும். வடிகுழாயின் கீழ் 200 லிட்டர் டிரம் இரண்டு வைத்து, வலைத்துணி கட்டி, நிரம்பி வழிவதை மழைநீர்த் தொட்டிக்கு விடுங்கள். டிரம்மின் மூடியில் இடைவெளி தெரிந்தால் மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளர் கவிழ்த்துவிட்டுப் போவார். அவர் செய்வதும் சரிதான்.

2003 அவசரச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் கட்டடத்திலும் எங்கோ இருக்கும். வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. செப்டம்பரில் வண்டலை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டால்தான் தண்ணீர் இறங்கும்.

இடத்துக்கு இடம் மண் மாறும். சாந்தோம், பெசன்ட் நகர், மயிலாப்பூரின் கடற்கரைப் பக்கம் மணல். தண்ணீர் விரைந்து இறங்கும். அங்கே மூடிக்கிடக்கும் பழைய திறந்த கிணற்றைத் தூர்வாரி மாடிக் குழாயை அதில் விடுவதே சிறந்த வழி. மழைநீர் மேல்மட்டத்தில் நிற்கும். ஆழ்துளைக் குழாய் போட்டு இறைக்க இறைக்கக் கடல் பக்கத்து உப்பு ஏறும். தி.நகரும் மேற்கு மாம்பலமும் வேறு கதை. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டிருந்த ஏரியை 1920களில் வடித்து உருவான பகுதி அது. லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஏரியடிக் களிமண்ணில் சாதாரணக் குழி நிரம்பி நின்றுவிடும். களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரும்வரை துளையிட்ட உறைகிணறு அங்கே வேண்டும். எது பொருந்தும் என்று தெரியாவிட்டால், சேகர் ராகவன் 2002 முதல் மந்தைவெளிப்பாக்கத்தில் நடத்திவரும் மழை மையத்தில் மாதிரிகளைப் பார்த்து விவரம் கேட்கலாம்.

ஊரில் நிலம் இருந்தால்

அடையாறில் வீடும் மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கம் நிலமும் உள்ளவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஏரி நிரம்பாத ஆண்டில் சொர்ணவாரிப் பட்ட நெல்லை விட்டுவிடுங்கள். கிணற்றில் இருக்கும் தண்ணீருக்கு எள், உளுந்து, நிலக்கடலை. நெல்தான் என்று குத்தகைக்காரர் நின்றால் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையைப் பேசுங்கள். ஓட்டை போட்ட ஓர் அடிப் பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபாய்ச்சல். பூக்கும் வாரத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். காய்கறிக்குச் சொட்டுநீர் போட சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75 சதவீதம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

மாதவாரி வேலைகள்

- பிப்ரவரி: ஒரு வாரம் வாளிக் கணக்கு. பைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தல்.
- மார்ச்: கத்தரி, மிளகாய் கவாத்து. மூடாக்கு. டி.டி.எஸ். பார்த்துத் தண்ணீர் பிரித்தல்.
- ஏப்ரல்: நிழல்வலை, மேற்குத் திரை. பானை புதைத்தல்.
- மே: புதிதாக எதையும் நடாமல் இருத்தல். பதினைந்து நாளைக்கு ஒருமுறை உப்புக் கழுவல்.
- ஜூன்: மாடியைப் பெருக்கி, டிரம்களை வடிகுழாயின் கீழ் நகர்த்துதல்.
- ஜூலை, ஆகஸ்ட்: ஆடிப்பட்ட விதைப்பு, முந்தைய மழையில் டிரம் நிரம்பிய அளவுக்கு மட்டும்.
- செப்டம்பர்: மழைநீர்த் தொட்டி சுத்தம். சங்கக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைத்து, செலவுக்கு ஒப்புதல் வாங்குங்கள். கோடையில் ஹோஸைப் பற்றிக் கேட்டவரையே மேற்பார்வைக்குப் போடலாம்.